சீனக் காளி கோயிலும் தோல் கிடங்கும்: புலம்பெயர் சமூகம் என்றால் என்ன?

வேறு நாட்டில் போய் வாழ்கிற எல்லோரையும் புலம்பெயர் சமூகம் என்று சொல்லிவிடுவது நம் பத்திரிகைகளின் பழக்கம். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் துபாய்க்குப் போய்க் கொத்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவரும் அந்தக் கணக்கில் வருகிறார். நான்காம் தலைமுறையாகப் பினாங்கில் இருக்கிறவரும் வருகிறார். இரண்டு பேர் நிலையும் ஒன்றல்ல. சமூகவியலில் இதற்குக் கொஞ்சம் கறாரான பொருள் உண்டு. ஒரு கூட்டம் சொந்த மண்ணை விட்டு வேறு ஊரில் தலைமுறைகளாகத் தங்கியிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தோம் என்ற நினைவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வந்த இடத்து மக்களோடு பழகியும், அவர்களுக்குள் முழுக்கக் கரைந்துவிடாமலும் இருக்க வேண்டும். உலகின் மற்ற ஊர்களில் சிதறிக் கிடக்கும் தம்மவர்களோடு கல்யாணமோ கடிதமோ வியாபாரமோ ஏதோ ஒரு தொடர்பும் இருக்க வேண்டும்.

இந்த இலக்கணத்தை வெறுமனே மனப்பாடம் செய்வதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. கொல்கத்தாவில் சீனர்கள் குடியேறி இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர்களையே எடுத்துக்கொள்வோம். போகிற போக்கில் சீனாவுக்குப் போன தமிழர்களையும், ஹாங்காங்குக்குப் போன பார்சிகளையும், சீனரும் இந்தியரும் மூன்றாவது ஒரு மண்ணில் அக்கம்பக்கமாக வாழ்ந்த மலாயாவையும் பார்த்துவிடலாம். புலம்பெயர்ந்தவர்களின் பண்பாடு என்பது ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். என் கணிப்பு வேறு. போய்ச் சேர்ந்த ஊர் எந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்ததோ, அதுதான் அவர்களுடைய தொழிலையும் சாப்பாட்டையும், பல நேரங்களில் சாமியையும்கூடத் தீர்மானித்திருக்கிறது.

வந்து போனவர்களும் தங்கிவிட்டவர்களும்

இந்திய சீன உறவு என்றால் பாடப்புத்தகத்தில் பாஹியான் வருவார், யுவான் சுவாங் வருவார். நவீன காலத்தில் 1924இல் சீனாவுக்குப் போன தாகூர், 1937இல் சாந்திநிகேதனில் திறக்கப்பட்ட சீன பவனம், 1938இல் சீனாவுக்கு மருத்துவம் பார்க்கப் போய் 1942இல் அங்கேயே இறந்த சோலாப்பூர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். எல்லோரும் பெரியவர்கள்தான். ஆனால் இவர்கள் யாத்திரிகர்கள், கவிஞர்கள், தொண்டர்கள். ஓர் ஊரில் வாடகைக்குக் கடை பிடித்து, பிள்ளைக்குப் பெண் தேடி, பெற்றவர்களை அந்த மண்ணிலேயே புதைத்த கூட்டம் வேறு. அவர்களுக்குச் சிலை கிடையாது. இரு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும்போது அவர்களை யாரும் நினைவுகூர்வதும் இல்லை. புலம்பெயர் சமூகம் என்று பேசும்போது நாம் பேசுவது இவர்களைப் பற்றி.

இந்தக் குடியிருப்புகளில் பழையவை வணிகர்களுடையவை. சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குத் தூதுக்குழு அனுப்பியிருக்கிறார்கள். தூதர் திரும்பிவிடுவார், அவர் போன கடல்வழியில் வியாபாரம் செய்தவர்களில் சிலர் தங்கிவிட்டார்கள். தென்கிழக்குச் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் அப்படித் தங்கிய தமிழர்கள் ஒரு சிவன் கோயிலே எழுப்பினார்கள். 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்றும், அது கானின் உடல்நலத்துக்காக என்றும் அதில் இருக்கிறது. கான் என்றால் அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலிய அரசர். அந்நிய மண்ணில் கோயில் கட்ட அனுமதி வாங்கி, ஆள்பவர் நலத்துக்காகவே கட்டுகிறோம் என்று கல்லில் வெட்டி வைக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். சிறுபான்மையாக வாழ்கிறவர்கள் உலகமெங்கும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

அந்தக் குடியிருப்பு நிலைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வெடித்த கலகங்களோடு வெளிநாட்டு வணிகர்களின் காலம் முடிந்தது. கோயில் இடிந்து கற்கள் சிதறின. நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட தூண்கள் இன்று அந்த ஊரின் கையுவான் புத்த கோயிலில் நிற்கின்றன. பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்தக் காலத்துப் பெண் தெய்வச் சிற்பத்தைச் சீனர்கள் தங்கள் குவான்யின் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். சமூகம் மறைந்த பிறகும் சாமி வேறு பெயரில் வாழ்கிறது என்றால், பண்பாட்டுப் பரிமாற்றம் எவ்வளவு ஓசையில்லாமல் நடக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசையில் இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்த கல் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுவியது. கல்லில் உள்ள ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி இலங்கைத் தென்கரையின் இந்து தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்தியப் பெருங்கடல் துறைமுகத்தில் யார் யார் காலூன்றியிருக்கிறார்கள் என்று சீனர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரையும் பகைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொல்கத்தாவுக்கு எப்படி வந்தார்கள்

வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தை ஆண்ட காலத்தில் அச்சியூ என்ற சீன வியாபாரி ஹூக்ளி நதிக்கரையில் பஜ்பஜ் பக்கம் 650 பிகா (பிகா என்பது வங்காள நில அளவு) நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். கரும்பு பயிரிட்டு, ஆலை வைத்து, சீனத்திலிருந்து ஆட்களை வரவழைத்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். ஆலை ஓடத் தொடங்கிய வேகத்திலேயே ஆட்களும் ஓடத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் ஏற்கெனவே இருந்த, கப்பலிலிருந்து ஓடிவந்த சீனர்கள் என் ஆட்களைக் கலைத்துக் கொண்டுபோகிறார்கள் என்று அச்சியூ கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் முறையிட்டிருக்கிறார். ஆக, இந்தியாவின் சீனக் குடியிருப்பைப் பற்றிய முதல் ஆவணங்களில் ஒன்று ஒரு வேலைத் தகராறு. நாகரிகங்களின் சங்கமம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

அச்சியூ 1783இல் இறந்துவிட்டார். ஆற்றோரத்தில் குதிரை லாடம் போல வளைந்த சிவப்பு நிறச் சமாதி அவருடையது. அருகிலுள்ள கோயிலில் மண்ணைக் காக்கும் தெய்வத் தம்பதியர் இருக்கிறார்கள். உள்ளூர் வங்காளிகள் அவர்களுக்கு குதா, குதி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து ஊதுபத்தி ஏற்றிப் படையல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அச்சியூவின் வாரிசுகள் அல்லர். வேறு மாவட்டங்களிலிருந்து, வேறு காலங்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஆனாலும் முதலில் வந்தவர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. பொது மூதாதை ஒருவரை ஏற்படுத்திக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை அவர் முன்னால் கூடுவதன் மூலம்தான் சிதறி வந்த தனி ஆட்கள் ஒரு சமூகம் ஆகிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் நகரின் நடுவே, டிரெட்டா பஜார் பகுதியில் தங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டு முழுதும் தென் சீனத்தில் போர், பஞ்சம், உள்நாட்டுக் கலகம். கல்கத்தாவோ பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம், கப்பல் ஏறினால் வந்துவிடலாம். வந்தவர்களை நாம் சீனர் என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். அவர்களுக்குள் பேச்சுமொழியே வேறு வேறு. காண்டன் பகுதியினர் தச்சர்கள். கப்பல் பட்டறைகளிலும் மரச்சாமான் கடைகளிலும் வேலை செய்தார்கள். ஹூபே மாகாணத்தார் பல் கட்டுகிறவர்கள். ஷான்டோங்கிலிருந்து வந்தவர்கள் பட்டுத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். ஹக்கா மொழி பேசுகிறவர்கள் செருப்பு தைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். பென்டிங்க் தெருவின் செருப்புக் கடைகள் இவர்களால்தான் பேர்பெற்றன. சென்னையில் சீனப் பல் மருத்துவர் என்ற பலகையைப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களும் ஹூபே வழியினரே.

காலியாக இருந்த இடம்

ஹக்காக்கள் ஏன் தோல் தொழிலுக்கு வந்தார்கள்? ஊரில் அவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். தோல் பதனிடுவது அவர்களின் குலத்தொழில் எதுவும் இல்லை. விடை கல்கத்தாவில் இருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கினார்கள். அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்த தலித் மக்களிடம் முதலீடு இல்லை. முதலீடு திரட்ட யாரும் விடவும் இல்லை. நல்ல லாபம் வரக்கூடிய தொழில் ஒன்று முதலாளி இல்லாமல் காலியாகக் கிடந்தது. சாதித் தீட்டு பார்க்காத, கொஞ்சம் பணமும் நிறைய உழைப்பும் உள்ள வெளியூர்க்காரர் ஒருவர் அதில் நுழைய வேண்டும். ஹக்காக்கள் நுழைந்தார்கள். அவர்களின் தொழிற்சாலைகளில் கூலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிகாரிலிருந்து வந்த சாமர் சாதியினர். பச்சைத் தோல் விற்றவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். சாதி அமைப்பு அப்படியே இருந்தது. அதன் நடுவில் சீனர்கள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இதே காலியிடத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அமர்ந்தார்கள். முடி வெட்டும் தொழிலிலும் கதை இதுதான். இந்திய நகரங்களில் சீனப் பெண்கள் அழகு நிலையம் நடத்தியதற்கு அவர்களின் கைத்திறன் மட்டும் காரணம் இல்லை. அடுத்தவர் தலைமுடியைத் தொடும் வேலைக்கு இங்கே சாதி முத்திரை இருந்தது. அந்த முத்திரை சீனப் பெண்கள் மீது ஒட்டவில்லை. சீனர்களுக்கு இயல்பிலேயே வியாபார புத்தி உண்டு என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காமலே சொல்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் பதனிடும் ஹக்காக்கள் நகரின் கிழக்கு ஓரத்துச் சதுப்பு நிலமான டேங்ராவுக்குப் போனார்கள். நாற்றத்துக்காக யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை, அதுவே வசதியாயிற்று. இரண்டு உலகப் போர்களும் பூட்ஸ் தோலுக்குத் தேவையை ஏற்றிவிட்டன. டேங்ராவின் பழைய தோல் கிடங்கு ஒன்றின் அமைப்பு இப்படி இருக்கும்: கீழே சுண்ணாம்புத் தொட்டிகள், மயிர் நீங்குவதற்காக அதில் ஊறும் தோல்கள். அடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மர ட்ரம்கள். குரோமிய உப்புக் கரைசலோடு தோல் அதில் சுழன்று சுழன்று நீல நிறத்தில் வெளிவரும். அதைப் பலகையில் விரித்து ஆணி அடித்து மொட்டை மாடி வெயிலில் காயவைப்பார்கள். முதலாளியின் குடும்பமும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கும். மேலே சமையல், பிள்ளைகளின் படிப்பு, மூதாதையர் மாடம். கீழே ட்ரம்மின் ஓசை. வீடும் தொழிலும் ஒன்றாக இருந்ததால் மொழியும் பழக்கமும் வெளியே கசியாமல் நெடுநாள் தாங்கின. மாமியாரும் மருமகளும் தோல் எண்ணிக்கொண்டே ஹக்கா பேசினார்கள். தொழிலாளிகளிடம் இந்தியில் பேசினார்கள்.

இந்த டேங்ராவில்தான் சீனக் காளி கோயில் இருக்கிறது. மரத்தடியில் குங்குமம் பூசிய கற்களாக இருந்த இடம் சீனர்கள் கொடுத்த பணத்தில் கோயிலாயிற்று. பூஜை செய்கிறவர் வங்காளி பிராமணர். கோயிலுக்கு வரும் சீனர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, நீளமான சீன ஊதுபத்தியை ஏற்றி, தங்கள் வழக்கப்படி குனிந்து கும்பிடுகிறார்கள். நூடுல்ஸும் சாப்ஸியும் அங்கே பிரசாதம். காளி பூஜை அன்று தீயசக்தி அண்டாமலிருக்கக் காகிதம் எரிப்பதும் உண்டு. அங்கே கும்பிடுகிறவர்களில் பௌத்தர்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். மதம் மாறினார்களா என்று கேட்டால் கேள்வியே பொருந்தாது. குடியிருக்கும் மண்ணின் தெய்வத்துக்கு மரியாதை செய்வது சீன கிராமத்து வழக்கம். நம் ஊர் எல்லைச்சாமி வழிபாட்டுக்கு அது வெகு தூரமில்லை. காளி அந்த இடத்தில் பொருந்திவிட்டாள்.

சங்கம், பள்ளி, சாப்பாடு

புதிதாக வந்திறங்கும் ஆளுக்குத் தங்க இடம், கடன், வேலை, செத்தால் அடக்கம் செய்ய நாலு பேர் வேண்டும். இதற்காக ஒவ்வொரு மாவட்டத்தாரும் தனித்தனியே ஊர்ச் சங்கம் வைத்தார்கள். பர்மாவிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்களுக்குத் தங்கவும் கொடுக்கல் வாங்கலுக்கும் இருந்த கிட்டங்கி எப்படியோ, கொல்கத்தாச் சீனர்களுக்கு இந்தச் சங்கம் அப்படி. மேல்மாடியில் கோயிலும் கீழே கூடமும் இருக்கும். கொல்கத்தாக்காரர்கள் இவற்றைச் சீன சர்ச் என்று அழைக்கிறார்கள். உள்ளே இருப்பதோ குவான்யினும் போர்த்தெய்வமான குவான் யூவும். சீ இப், டூங் ஆன் ஆகியவை இவற்றில் பேர்பெற்றவை.

சங்கங்கள் ஒற்றுமைக்காக மட்டும் இருந்தன என்று எண்ண வேண்டாம். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பிறகு பீஜிங்கை ஆதரிப்பவர்கள், தைவானை ஆதரிப்பவர்கள் என்று கொல்கத்தாச் சீனர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பள்ளிக்கூடங்களும் பத்திரிகைகளும் சேர்ந்து பிரிந்தன. இதுவும் புலம்பெயர் சமூகங்களின் பொதுக் குணம்தான். தாய்நாட்டுச் சண்டை அங்கே ஓய்ந்த பிறகும் இங்கே ஓய்வதில்லை.

சாப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். டிரெட்டா பஜாரில் விடியற்காலையில் மீன் உருண்டை சூப்பும் பன்றி இறைச்சி அடைத்த பாவோ என்ற ரொட்டியும் ஆவி பறக்க விற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் கடை முடிந்துவிடும். அது ஏறக்குறைய ஊரில் சாப்பிட்ட சாப்பாடு. ஆனால் இந்தியா முழுவதும் பரவியது வேறு ஒன்று. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வதக்கி, சோயா சாஸ் விட்டு, சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிய அந்தச் சமையல், வாடிக்கையாளர் நாக்குக்காகக் கொல்கத்தாச் சீனர்கள் செய்துகொண்ட சமரசம். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கோழி போய்க் காலிஃபிளவர் வந்து, இன்று நம் ஊர்த் திருமண வரவேற்பிலும் கோபி மஞ்சூரியன் நிற்கிறது. மஞ்சூரியாவில் யாருக்கும் அது தெரியாது. இதை அசல் சீனச் சாப்பாடு இல்லை என்று ஏளனம் செய்கிறவர்கள் மீது எனக்கு எரிச்சல் வருவதுண்டு. இரண்டு நூற்றாண்டு இந்திய வாழ்க்கையின் அசல் சாப்பாடு அதுதான்.

1962

சமூகவியல் இலக்கணத்தில் வராத ஒரு விஷயம் காகிதம். எந்த நாட்டுக் குடிமகன் என்று ஒருவர் கையில் என்ன தாள் இருக்கிறது? கொல்கத்தாச் சீனர்களில் சிலரிடம் புதிய சீனக் குடியரசின் பாஸ்போர்ட் இருந்தது. சிலரிடம் தைவானுக்குப் பின்வாங்கிய பழைய தேசியவாத அரசின் பாஸ்போர்ட். அந்த அரசை இந்தியா அங்கீகரிக்காமல் போனதும் அது வெறும் தாளாயிற்று. பலர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. யாரும் கேட்காதவரை அதற்கு அவசியம் தோன்றவில்லை.

1962 அக்டோபரில் எல்லைப் போர் மூண்டது. நவம்பரில், ஏறத்தாழ ஒரு மாதத்தில் சண்டை நின்றது. சீன வம்சாவளியினருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவசரமாக இயற்றப்பட்ட சட்டப்படி, ஒருவரோ அவர் பெற்றோரோ தாத்தா பாட்டியோ எப்போதாவது எதிரி நாட்டுக் குடியாக இருந்திருந்தால் அவரை வெளிநாட்டவராக நடத்தலாம். அசாமிலும் வட வங்காளத்திலும் ஏறத்தாழ 3,000 பேரை வீட்டோடு பிடித்தார்கள். 1830களின் இறுதியில் தேயிலை பயிரிட அசாமுக்கு அழைத்து வரப்பட்ட சீனர்கள் தொடங்கி வைத்த குடியிருப்பு அங்குள்ள மாகும் என்ற ஊரில் இருந்தது. அங்கே அசாமியப் பெண்ணை மணந்து, அசாமிய மொழி பேசி வாழ்ந்தவர்களும் பட்டியலில் வந்தார்கள். பல நாள் ரயில் பயணம். ராஜஸ்தானின் தேவ்லி முகாம். கையோடு எடுத்து வந்த துணிமணி தவிர எல்லாம் போயிற்று. விட்டுவந்த கடைகளும் வீடுகளும் ஏலத்தில் விற்கப்பட்டன.

1963இல் சீன அரசு கப்பல் அனுப்பியது. தேவ்லியிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் அதுவரை சீனாவைப் பார்த்ததே கிடையாது. இங்கே சீனன், அங்கே இந்தியாவிலிருந்து வந்தவன். மீதிப் பேர் முகாமிலிருந்து வெளிவர 1967 ஆயிற்று. திரும்பிய பலருக்கு வீடு இல்லை. கொல்கத்தாவில் இருந்தவர்கள் பெருமளவு முகாமுக்குப் போகவில்லை. ஆனால் ஊரைவிட்டு நகர போலீஸ் அனுமதி, காவல் நிலையத்தில் கையெழுத்து, அண்டை வீட்டார் பார்வையில் சந்தேகம் என்று பல ஆண்டுகள் கழிந்தன. ஆள்பவர் நலத்துக்குச் சுவான்சௌவில் கோயில் கட்டிய தமிழ் வணிகர்களுக்குத் தெரிந்திருந்த பயம் இவர்களுக்கும் வந்தது.

மறுபக்கம்: சீனாவில் இந்தியர்கள்

இங்கே நேர்ந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதை. 1841க்குப் பிறகு ஹாங்காங்கில் இந்தியர்களுக்கு ஒரு காலியிடம் கிடைத்தது. அதைத் திறந்துவிட்டது பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். பார்சி வணிகர்கள் பஞ்சும் அபினியும் விற்றுச் செல்வந்தர் ஆனார்கள். ஹோர்முஸ்ஜி மோடி கொடுத்த நன்கொடையில்தான் ஹாங்காங் பல்கலைக்கழகம் 1911இல் எழுந்தது. துறைமுகத்தில் இன்றும் ஓடும் ஸ்டார் ஃபெரி படகுகளைத் தொடங்கியவர் டோராப்ஜி நவ்ரோஜி. இவை பெருமை சேர்க்கும் செய்திகள். ஆனால் அந்தச் செல்வத்தில் கணிசமான பகுதி இந்திய மண்ணில் விளைந்து சீனர்களின் நுரையீரலுக்குப் போன அபினியில் வந்தது. அதைச் சொல்லாமல் கல்விக் கொடையை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் சீக்கியர்கள் போலீஸ் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். 1925 மே 30 அன்று ஷாங்காயில் கூடிய சீனக் கூட்டத்தின் மீது சுடும்படி பிரிட்டிஷ் அதிகாரி உத்தரவிட்டார். சுட்டவர்களில் சீக்கியக் காவலர்களும் இருந்தார்கள், சீனக் காவலர்களும் இருந்தார்கள். தலைப்பாகை கட்டிய இந்தியரைப் பற்றி ஷாங்காய் மக்கள் மனதில் பதிந்த சித்திரம் காந்தியோ தாகூரோ தந்தது அல்ல, தடி பிடித்த காவலர் தந்தது. காலியிடம் யார் கொடுத்தது என்பதைப் பொறுத்து உறவின் நிறமும் மாறிவிடுகிறது.

மூன்றாவது மண்

மலாயாவில் இருவருமே வந்தேறிகள். ஆங்கிலேயர் கணக்கில் தமிழர் ரப்பர் தோட்டத்துக்கு, சீனர் ஈயச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும். வேலை பிரிந்ததால் குடியிருப்பும் பிரிந்தது, பள்ளியும் பிரிந்தது. பார்த்தால் இரண்டு சமூகமும் ஒன்றையொன்று தொடாமலே வாழ்ந்திருக்கும் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை.

வறுமையாலும், ஜாதகத்தில் ஆகாத ஆண்டில் பிறந்தது என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் அவர்களை வாங்கி வளர்த்தன. குழந்தையில்லாத வீட்டுக்கு வந்தவள், வந்த பிறகு அந்த வீட்டின் மகள். மஞ்சள் பூசிக் குளித்து, பொட்டு வைத்து, புடவை கட்டி, தோட்டத்துத் தமிழ் பேசி, தமிழ் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். மலேசியத் தமிழர்களிடம் கேட்டால் சொந்தத்தில் இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இருந்ததாகச் சொல்கிறவர்களைப் பார்க்கலாம். அந்தப் பாட்டி எந்தப் புலம்பெயர் சமூகத்தைச் சேர்ந்தவர்? முகம் சீனம், முறை தமிழ். நம் இலக்கணம் இந்த இடத்தில் கொஞ்சம் திணறுகிறது, திணறட்டும்.

வழிபாட்டிலும் எல்லை கறாராக இல்லை. பினாங்குத் தைப்பூசத்தில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள், சிலர் காவடியும் எடுக்கிறார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான்யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவதில் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் இரண்டாவதிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அரசுத் தாளுக்குத்தான் இந்தக் கலப்பு பிடிப்பதில்லை. சீனத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைக்குச் சிங்கப்பூரில் 2011 வரை ஒரே ஓர் இனப்பெயர்தான் எழுத முடிந்தது. அதன் பிறகே இரண்டையும் சேர்த்து எழுத இடம் கிடைத்தது.

நீலகிரியிலும் ஒரு சின்னக் கிளைக்கதை உண்டு. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் 19ஆம் நூற்றாண்டில் நடுவட்டம் பக்கம் மலேரியா மருந்துக்குப் பட்டை தரும் சின்கோனா மரத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். விடுதலையான சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். சங்கம் இல்லை, பள்ளி இல்லை, ஊரிலிருந்து புதிதாக யாரும் வரவும் இல்லை. ஓரிரு தலைமுறையில் கரைந்துவிட்டார்கள். கொல்கத்தாவில் இருந்து நடுவட்டத்தில் இல்லாதது எது என்று பார்த்தாலே, சமூகம் நிலைக்க என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மறுபடியும் கிளம்பியவர்கள்

1962க்குப் பிறகு கொல்கத்தாச் சீனர்கள் மெல்ல வெளியேறத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த டேங்ராவின் தொழிலை 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு புரட்டிப் போட்டது. மாசு காரணமாகத் தோல் தொழிற்சாலைகள் எல்லாம் நகருக்கு வெளியே உள்ள பான்தலாவுக்கு மாற வேண்டும் என்றது தீர்ப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் மீதும் அதே நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியிருந்தது. சுற்றுச்சூழல் கணக்கில் தீர்ப்பு சரியே. பாலாற்றைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் டேங்ராவில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், தொழில் போனபோது மொழியின் கூரையும் போயிற்று. பல கிடங்குகள் உணவகம் ஆயின. டேங்ராவின் சீனப் பள்ளியான பெய் மெய்க்குப் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள். 1969இல் தொடங்கிய சீனமொழி நாளிதழ் கொரோனா காலத்தோடு நின்றது. ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர் வாழ்ந்த நகரில் இன்று சில ஆயிரம் பேர் மட்டுமே. அவர்கள் இப்போது வாக்காளர்கள். 2019 மக்களவைத் தேர்தலில் டேங்ராச் சுவர்களில் சீன எழுத்தில் ஓட்டுக் கேட்டார்கள்.

போனவர்களில் பலர் கனடாவின் டொரன்டோவில் இருக்கிறார்கள். அங்கே ஹக்கா உணவகம் என்று பலகை போட்டால், உள்ளே கிடைப்பது சில்லி சிக்கனும் மஞ்சூரியனும். சாப்பிட வருகிறவர்களில் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் தமிழர்களும் அதிகம். சீனத்திலிருந்து நேராக வந்த ஹக்காக்காரருக்கு அந்த உணவுப் பட்டியல் புரியாது. காலியிடம் இந்த முறை இந்தியர்களின் நாக்கில் கிடைத்திருக்கிறது. தேவ்லி முகாமில் இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கனடாவில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அவர்கள் 2017இல் ஒட்டாவாவில் ஒரு தூதரகத்தின் வாசலில் நின்று கேட்டார்கள். அவர்கள் நின்றது இந்தியத் தூதரக வாசல்.